ரசீது

"ஒரு விஷயம், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்."
இப்படித்தான் தொடங்குவேன்
இருபத்தாறு வருடமாக, எந்த மேசைக்கு எதிரில் உட்கார்ந்தாலும்.
பத்தொன்பது வயதில்
பிளென்கின் பேக்கரிக் கல்லாவிலிருந்து நாற்பது பவுன்.
எடுத்தேன் என்பதா, திருடினேன் என்பதா
என்பது மட்டும் அன்றன்றைய தைரியத்தைப் பொறுத்தது.

மீன் ஆலை மேலாளர் பேனாவுக்கு மூடி போட்டார்.
முதியோர் இல்லத்தில் ஒருத்தி என் கையைப் பிடித்து
"உங்கள் நேர்மைக்கு நன்றி" என்றாள்.
நேர்மைக்கு நன்றி சொல்பவர்கள் வேலை தருவதில்லை.
சலவைக்கூடத்தில்தான் கிழவர் ஸ்காரா சிரித்தார்:
"இங்கே கல்லாவே இல்லையேம்மா."
அங்கே பதினோரு வருடம்.
ஹல் நகரத்து ஓட்டல்களின் படுக்கை விரிப்பு முழுக்க
என் கை வழியாகப் போய் வெளுத்தது.
பிறகு அதையும் மூடினார்கள்.

இப்போது பள்ளிச் சமையலறை.
விண்ணப்பத்தில் கட்டம் மட்டுமில்லை, கோடுகளும் இருந்தன:
எந்தத் தேதி, எந்த நீதிமன்றம், என்ன தீர்ப்பு.
யோசித்தேன்.
என் நினைவில் நீதிமன்றமே இல்லை.
ஏடு படிந்த டீ இருந்தது,
"இது வாழ்நாள் பூராவும் கூட வரும், பெண்ணே"
என்ற காவலரின் மீசை இருந்தது,
படிக்காமல் கையெழுத்திட்ட ஒரு தாள்.
மறுவாரமே லீட்ஸுக்கு ஓடிப்போனேன்.
கடிதம் ஏதும் வந்திருந்தால் காலி வீட்டுக்கு வந்திருக்கும்.

காவல்துறைக்கு எழுதினேன், என்னைப் பற்றி எனக்குச் சொல்லுங்கள் என்று.
பாஸ்போர்ட் நகல் கேட்டார்கள், கேஸ் பில் கேட்டார்கள்.
நான் யார் என்று நிரூபித்தால்தான்
நான் என்ன செய்தேன் என்று சொல்வார்களாம்.

மூன்று வாரம் கழித்து உறை வந்தது.
லோர்னா ஸ்டேதர்ஸ். பிறந்த தேதி சரி.
அதன் கீழே:
தடயம் இல்லை.

தாளைத் திருப்பிப் பார்த்தேன்.
ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்.
வேறொரு லோர்னாவின் கடிதமோ என்று
உறையை மறுபடி முகவரியிலிருந்து படித்தேன்.

அப்புறம் பிஸ்கட் டப்பாவைத் திறந்து
நாலாய் மடித்த அந்தப் பழைய தாளை
முதல்முறையாகப் பிரித்தேன்.
ஒப்புதல் வாக்குமூலம் என்று நினைத்து
வீடு வீடாகத் தூக்கிக்கொண்டு அலைந்தது.

சாவிக்கொத்து ஒன்று.
பஸ் டிக்கெட் ஒன்று.
உதட்டுச்சாயம், பாதி தீர்ந்தது.
சில்லறை ஒரு பவுன் இருபது பென்ஸ்.
மேற்கண்டவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.
கீழே என் கையெழுத்து,
அப்போதெல்லாம் 'ஓ'வை அவ்வளவு பெரிதாகப் போடுவேன்.

பிளென்கின் புகாரைத் திரும்ப வாங்கியிருக்கலாம்.
கொடுக்காமலேயே இருந்திருக்கலாம்.
கேட்க ஆளில்லை. முந்தின குளிர்காலத்தில் புதைத்தார்கள்.
செய்தித்தாளில் பார்த்தும் நான் பூ அனுப்பவில்லை.

கையும் களவுமாகப் பிடிபட்டவள் நான்.
களவை யாரோ அழித்துவிட்டார்கள்.
கை மட்டும் இருக்கிறது,
பேனாவைப் பிடித்துக்கொண்டு,
'இல்லை' என்ற கட்டத்துக்கு மேலே.
சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும்.
பதிலாக மீன் ஆலைக்காரனின் பேனா மூடி
'டிக்' என்று கேட்டது.
யாரும் கேட்காத கடனை
எத்தனை பேருக்குக் கட்டியிருக்கிறேன்.

நேர்காணலில் திருமதி ஹெப்டன்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்,
வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?

"ஒரு விஷயம், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்"
என்று வாய் தானாகக் கிளம்பிவிட்டது.
அவர் காத்திருந்தார்.
வெளியே பிள்ளைகள் மழையில் கத்திக்கொண்டிருந்தார்கள்.
வாக்கியத்தை எங்காவது கொண்டுபோய் இறக்க வேண்டும்.

"வெங்காயம் நறுக்கினால்
எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே கண்ணீர் வரும்.
கண்டுகொள்ளாதீர்கள்" என்றேன்.

அதையும் எழுதிக்கொண்டார்.